சொல்லைப் பிடித்துத் தொங்குவோர்

சில தொழில்களை நகைப்பதற்கென்றே நம் முன்னோர் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மருத்துவரையும் சோதிடரையும் கணக்குப்பிள்ளையையும் பற்றிய வேடிக்கைக் கதைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. அந்த வரிசையில் அண்மைக் காலத்தில் இடம்பிடித்தவர் தொழில்நுட்ப எழுத்தாளர். பெங்களூரிலும் சென்னையிலும் புனேயிலும் மென்பொருள் நிறுவனங்கள் பெருகிய பிறகு, ‘டெக்னிகல் ரைட்டர்’ என்னும் பெயரில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு பொறியை எவ்வாறு இயக்குவது, ஒரு மென்பொருளை எவ்வாறு பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது அவர்கள் பணி. அத்தகைய பிள்ளை ஒருவனின் தகப்பனார் சங்கக் கூட்டம் ஒன்றில் சொன்னார்: “என் மகன் காலையில் போய் மாலை வரையில் ‘அழுத்தவும்’ என்பதா, ‘தட்டவும்’ என்பதா என்று சண்டை போட்டுவிட்டு வருகிறான். அதற்கு மாதச் சம்பளமும் தருகிறார்கள்!” இருந்தவர் அனைவரும் குலுங்கச் சிரித்தார்கள்.

சிரிப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் சேர்த்துச் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: “புரிந்தால் போதாதா ஐயா, அதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?” இந்த வாக்கியத்தைத்தான் மறுக்க வந்திருக்கிறேன். மற்ற எவர் சொன்னாலும் விட்டுவிடலாம். தாய்மண்ணை விட்டுத் தொலைவில் வந்து குடியேறி, சங்கம் அமைத்து, ஆண்டுதோறும் மலர் வெளியிடும் நாம் சொல்லலாகாத வாக்கியம் அது.

நகைப்பவர்களுக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். வானூர்திகளைப் பழுதுபார்க்கும் கையேடுகளுக்கென்று தனியாக ஓர் ஆங்கிலம் இருக்கிறது. ஐரோப்பிய விமான நிறுவனங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1980களின் தொடக்கத்தில் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். 1986இல் முதல் வழிகாட்டி வெளிவந்தது. அதன் அகராதியில் அனுமதிக்கப்பட்ட சொற்கள் ஏறத்தாழ 900. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். ‘குளோஸ்’ என்றால் மூடு. ‘அருகில்’ என்னும் பொருளில் அச்சொல் தலைகாட்டக் கூடாது. ‘ஆயில்’ என்பது எண்ணெய் என்னும் பெயர்ச்சொல். அதையே ‘எண்ணெயிடு’ என்று வினையாக்கினால் குற்றம். ‘ஃபாலோ’ என்பதற்குப் பின்னால் வருதல் என்பது மட்டுமே பொருள். ஆகையால் அந்த ஆங்கிலத்தில் விதிகளை எவரும் ‘ஃபாலோ’ செய்ய இயலாது, கீழ்ப்படியத்தான் இயலும். செய்முறை கூறும் வாக்கியம் 20 சொற்களைத் தாண்டலாகாது. நம் மேடைப் பேச்சாளர் ஒருவரை இந்த விதிக்குள் நிறுத்திப் பாருங்கள்: அவைத்தலைவரையும் முன்வரிசைப் பெரியோரையும் விளித்து முடிப்பதற்குள் அவருடைய பங்கு தீர்ந்துவிடும்.

இணையத்தின் நெறிமுறைகளை வகுப்பவர்கள் இவர்களையும் விஞ்சியவர்கள். 1997இல் அவர்கள் ஓர் ஆவணம் வெளியிட்டார்கள். 2119 என்பது அதன் எண். நெறிமுறை எழுதும்போது ‘மஸ்ட்’ என்றால் என்ன பொருள், ‘ஷுட்’ என்றால் என்ன பொருள், ‘மே’ என்றால் என்ன பொருள் என்று விளக்குவது மட்டுமே அதன் வேலை. கட்டாயம் ஒன்று, தக்க காரணம் இருந்தால் மீறலாம் என்பது மற்றொன்று, செய்தாலும் விட்டாலும் சரி என்பது மூன்றாவது. இதை வைத்துக்கொண்டு உலகம் 20 ஆண்டுகள் நடந்தது. பின்னர் 2017இல் இன்னோர் ஆவணம் வந்தது, எண் 8174. மேற்படி சொற்கள் பெரிய எழுத்தில் அமைந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் உண்டு, சின்ன எழுத்தில் வந்தால் வழக்கமான பொருளே என்று விளக்கம் கூற அது பிறந்தது! பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்னும் வேற்றுமையே இல்லாத மொழியில் பிறந்த நமக்கு இந்த இருபதாண்டுக் குழப்பம் வாய்க்கவில்லை.

சிரித்தாயிற்று. இனி, இவர்கள் ஏன் இவ்வாறு தொங்குகிறார்கள் என்று பார்ப்போம். விமானத்தை வடிவமைத்தவர் ஒரு நாட்டில் இருக்கிறார். நள்ளிரவில் அதன் வயிற்றுக்கடியில் கைவிளக்கோடு குனிந்து நிற்பவர் வேறொரு நாட்டில் இருக்கிறார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அன்று. ஐயம் வந்தால் கேட்பதற்கு ஆளில்லை. விடிவதற்குள் விமானம் புறப்பட வேண்டும். கையில் இருப்பது ஒரு தாள். அந்தத் தாளில் ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் அவர் எந்தப் பொருளைக் கொள்வார்? தமக்குத் தெரிந்ததைக் கொள்வார். அது சரியானதாக இருக்க வேண்டும் என்று பயணிகள் வேண்டிக்கொள்ளலாம்.

1983 ஜூலையில் கனடாவில் நடந்ததை இங்கே நினைவூட்டலாம். புதிதாக மெட்ரிக் அளவைக்கு மாறிய போயிங் 767 விமானம் ஒன்றுக்கு எரிபொருள் கணக்கிட்டார்கள். ஒரு லிட்டர் எரிபொருளின் எடை 1.77 என்ற எண்ணைக் கொண்டு பெருக்கினார்கள். அந்த எண் பவுண்டுக்கு உரியது. கிலோவுக்கு உரிய எண்ணோ ஏறத்தாழ 0.8. ஆக, வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் எழும்பியது. 41,000 அடி உயரத்தில் அது தீர்ந்துபோயிற்று. விமானிகளின் திறமையால் விசையற்ற விமானம் காற்றில் மிதந்தபடியே கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்டிருந்த விமானப்படைத் தளத்தில் இறங்கியது, ஒருவரும் உயிரிழக்கவில்லை. பெருக்கலில் பிழை இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய சொல்தான் வேறு. “பவுண்டா, கிலோவா?” என்று அங்கே ஒருவர் நச்சரித்திருந்தால், அவரையும் நம் தகப்பனார் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறவன் என்றுதான் சொல்லியிருப்பார்.

விமானம் நமக்கு எட்டாத பொருள். அடுப்படிக்கு வருவோம். ஊரோடு இருப்பவருக்கு எழுத்து அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று மகள் கேட்கிறாள்; “எலுமிச்சங்காய் அளவு” என்கிறாள் தாய். எந்த எலுமிச்சை, பிஞ்சா, முற்றியதா? அதைப் பற்றிய கவலை இருவருக்கும் இல்லை. தாய் பக்கத்தில் நிற்கிறாள். மகள் உருட்டியதை எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் கிள்ளிப் போடு” என்று சொல்லிவிடுவாள். எலுமிச்சங்காய் என்ற சொல்லில் உள்ள குறையைத் தாயின் கண் நிரப்பிவிடுகிறது. அதே மகள் மணமாகித் தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ வந்து, மொழி தெரியாத ஊரில் ஓர் அறை வீட்டில் முதல்முதலாக உலை வைக்கும்போது, எலுமிச்சங்காய் எந்த அளவு என்னும் வினா வேறு முகம் காட்டுகிறது.

எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் வெளிவந்த ‘சமைத்துப் பார்’ நூலை நம் வீடுகளில் அறியாதவர் குறைவு. புதுமணப் பெண்ணின் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் அதையும் வைத்து அனுப்பிய குடும்பங்கள் எத்தனையோ. அந்த அம்மையாரை எந்த இலக்கிய வரலாற்றிலும் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டுத் தமிழின் தலைசிறந்த தொழில்நுட்ப எழுத்தாளர்களுள் அவர் ஒருவர். தம் பக்கத்தில் இல்லாத, தாம் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு பெண், எவரையும் கேட்காமல் செய்து முடிக்கும்படி எழுதினார். அளவு சொன்னார், வரிசை சொன்னார். இந்த நகரங்களில் இட்டிலியும் ரசமும் மூன்று தலைமுறையாக மணப்பதில் அந்தச் சொற்களுக்குப் பங்கு உண்டு. இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே அம்மாவைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், அம்மா இருக்கும் வரை.

கேட்க ஆளில்லாதவருக்கு எழுதுவது எதுவோ அதுவே தொழில்நுட்ப எழுத்து. வேறு இலக்கணம் அதற்கு வேண்டியதில்லை. கேட்க ஆளில்லாமல் ரயிலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். இந்த எழுத்தைக் கண்டு நாமே நகைப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, இருமல் கண்ட பேரனைப் பகலில் பார்த்துக்கொண்டார். பாட்டிக்குத் தமிழ் அன்றி வேறு மொழி தெரியாது. மருந்துப் புட்டியின் மேல் இருந்தவை ஆங்கிலமும் இந்தியும். அலுவலகம் புறப்பட்ட மகன் நல்ல பிள்ளையாக ஒரு தாளில் ‘1 கரண்டி, 3 வேளை’ என்று தமிழில் எழிதி ஒட்டிவிட்டுப் போனார். ‘ஸ்பூன்’ என்பதற்கு அவர் அறிந்த தூய தமிழ் கரண்டி. பாட்டி அறிந்த கரண்டியோ சாம்பார் ஊற்றும் குழிக்கரண்டி. மருந்துக்கு உரிய தேக்கரண்டி 5 மி.லி.; குழிக்கரண்டியில் 5 மி.லி. ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. நல்லவேளையாக மருமகள் மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தார். பாட்டி கரண்டியும் புட்டியுமாக நிற்பதைப் பார்த்தார். பாட்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதியிருந்ததை எழுதியபடியே செய்ய முனைந்தார். ‘புரிந்தால் போதும்’ என்கிறோமே, அவருக்குப் புரிந்தது, நன்றாகவே புரிந்தது. ஐயம் எழுந்தால் மனிதன் நின்று கேட்பான். தவறாகப் புரிந்தவனுக்கு ஐயமே எழுவதில்லை.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு வீட்டில் தயாரிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தூய நீர், 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆங்கிலத்தில் இதை எழுதுபவர்கள் ‘லெவல்’ என்று ஒரு சொல்லைத் தவறாமல் சேர்ப்பார்கள். குவித்து அள்ளிய கரண்டி அன்று, மேல்மட்டம் சமமாக வழித்த கரண்டி. குவித்து அள்ளினால் உப்பு மிகும். மிகுந்த உப்பு, நீரிழந்த குழந்தைக்குக் கேடு. தமிழில் இதை எழுதுபவர் பலர் இந்த ஒரு சொல்லை விட்டுவிடுகிறார்கள். ‘மட்டமான கரண்டி’ என்று எழுதியவரையும் கண்டிருக்கிறேன். மலிவான கரண்டி வாங்கச் சொல்கிறாரோ என்று தோன்றும். தமிழில் இதற்குச் சொல் இல்லையா? நெல் அளக்கும் களத்திலும் மளிகைக் கடையிலும் நூற்றாண்டுகளாகப் புழங்கும் சொல் இருக்கிறது: தலைதட்டி அளத்தல். ‘தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு’ என்று எழுதிப் பாருங்கள். எந்தப் பாட்டிக்கும் விளங்கும், கை தானாகவே கரண்டியின் மேல் விரலை ஓட்டும். இந்தச் சொல்லை எந்தக் கலைச்சொல் குழுவும் ஆக்கித் தரவேண்டியதில்லை. தேடிப் போகும் மனம்தான் வேண்டும். அந்த மனத்தைத்தான் நாம் பித்து என்கிறோம்.

இன்னொரு சொல்லைப் பார்ப்போம். காசநோய்க்கு மாத்திரைகளைப் பல மாதங்கள் இடைவிடாமல் உண்ண வேண்டும். சில வாரங்களில் காய்ச்சல் நின்று உடம்பு தேறும். அப்போது நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத நோயாகவும் திரும்பலாம். இதை அறிவுறுத்த, ‘காய்ச்சல் நின்றாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘வேண்டாம்’ என்பது தடையா, தேவையின்மையா? “நீ வர வேண்டாம்” என்றால் வராதே என்றும் கொள்ளலாம், வர அவசியமில்லை, வந்தால் வா என்றும் கொள்ளலாம். தயவாகப் பேசுவது நம் பண்பு; ஆகவே ‘கூடாது’ என்று சொல்ல வேண்டிய இடத்திலும் ‘வேண்டாம்’ என்கிறோம். இணையத்தார் 1997இல் மூன்று ஆங்கிலச் சொற்களுக்குச் செய்த வேலையை ‘கூடாது’, ‘வேண்டாம்’, ‘வேண்டியதில்லை’ என்னும் மூன்றுக்கும் நாம் செய்து வைத்திருக்கிறோமா? மொழியில் வேறுபாடு தெளிவாகவே கிடக்கிறது. எடுத்து ஆள்வார் இல்லை.

விளக்கை ‘அணை’ என்று சொல்வது அமங்கலம் என்று ‘குளிர வை’, ‘மலையேற்று’ என்பவர்கள் நாம். அழகான வழக்கு, என் வீட்டிலும் அவ்வாறே சொல்வோம். ஆனால் எரிவாயு அடுப்பின் கையேட்டில் ‘சுடரை மலையேற்றவும்’ என்று எழுதினால் என்ன ஆகும்? ‘தீயைத் தணிக்கவும்’ என்று எழுதினாலும் ஏறத்தாழ அதேதான்: குறைப்பதா, அணைப்பதா என்று படிப்பவர் திகைப்பார்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இல்லையேல் என் அலுவலக நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மைய அரசின் அலுவலகம் ஒன்றில் குறிப்பெழுதிப் பிழைக்கும் குமாஸ்தா நான். சொல்லைப் பிடித்துத் தொங்குவதில் எங்களை வெல்ல எந்த மென்பொருள் நிறுவனத்தாலும் ஆகாது. கோப்பில் ‘பார்த்தேன்’ என்று எழுதுவதா, ‘குறித்துக்கொண்டேன்’ என்று எழுதுவதா என்று ஒரு முற்பகல் முழுவதும் வாதாடுவோம். பார்த்தவர் பொறுப்பேற்கவில்லை, குறித்துக்கொண்டவர் ஓரளவு ஏற்றுவிட்டார் என்பது நுட்பம். ‘ஒப்புதல் அளிக்கலாம்’ என்பதற்கும் ‘ஒப்புதல் அளிப்பது குறித்துப் பரிசீலிக்கலாம்’ என்பதற்கும் இடையே ஒரு மனிதனின் ஓய்வூதியமே தொங்கும். எழுதுபவனுடைய ஓய்வூதியத்தைச் சொல்கிறேன், விண்ணப்பித்தவருடையதை அன்று. இதுவும் துல்லியம்தான், ஆயினும் இது எழுதுபவனைக் காக்கும் துல்லியம். கையேடு எழுதுபவன் தேடுவதோ படிப்பவனைக் காக்கும் துல்லியம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சிரிப்பதால்தான் பின்னதன் மதிப்பு நமக்குத் தெரியாமற்போகிறது.

‘ஆவன செய்யப்படும்’ என்னும் தொடரைப் பாருங்கள். இலக்கணப் பிழை உண்டா? இல்லை. ஓசை குன்றியதா? இல்லை. யார் செய்வார், எதைச் செய்வார், எப்போது செய்வார் என்னும் மூன்றையும் இத்தனை அழகாக மறைக்கும் தொடர் வேறெம்மொழியிலும் இருக்குமா என்பது ஐயமே. மருத்துவர்களுக்கான நடத்தை விதி ஒன்று 2002இல் வந்தது. மருந்துகளை இயன்ற அளவு பொதுப்பெயரால் எழுத வேண்டும் என்றது. ‘இயன்ற அளவு’ என்னும் பின்கதவை 2016இல் அடைத்தார்கள். அடைத்த கையோடு, படிக்கும்படி தெளிவாகவும் ‘கூடுமானவரை பெரிய எழுத்திலும்’ எழுதுக என்று சாளரம் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். மருத்துவர்களின் கையெழுத்து அதற்குப் பின் எவ்வளவு திருந்தியது என்பதை அவரவர் வீட்டு மருந்துச்சீட்டில் கண்டுகொள்க. அதே சீட்டில் ‘1-0-1’ என்று ஒரு குறி இருக்கும்: காலை ஒன்று, பகல் இல்லை, இரவு ஒன்று. குமரி முதல் காசுமீரம் வரை எந்த மொழிக்காரருக்கும் விளங்கும் அந்த மூன்று இலக்கங்களைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

“தமிழ் கவிதைக்கு ஏற்ற மொழி, இந்தத் துல்லியமெல்லாம் ஆங்கிலத்துக்கே வரும்” என்று நம்மவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். பெருமையாகச் சொல்வதுபோல் சொல்லப்படும் இழிவுரை இது. உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பார்த்த பிறகும் இதைச் சொல்ல முடியுமா? முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல், ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிவு செய்யும் முறையைச் சபையார் கல்லில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921இல், மேலும் விரிவாக இன்னொரு கட்டளை வெட்டினார்கள். அகவை 35க்கு மேல், 70க்குக் கீழ்; கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம்; சொந்த மனையில் கட்டிய வீடு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. ‘உறவினர்’ என்று ஒரே சொல்லில் விட்டுவிட்டார்களா? சிற்றன்னை மக்கள், பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று ஒருவர் விடாமல் எண்ணி வைத்தார்கள். ‘அத்தை மகன் உறவா?’ என்று நாளை ஒருவன் கேட்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குடவோலை எடுக்கும் முறை அதனினும் நேர்த்தி. குடத்தை எல்லோரும் காணும்படி மேலே தூக்க வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்க வேண்டும். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியவர் படிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் படிக்க வேண்டும். பிறகுதான் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து விரலும் விரிய! விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்துவைக்கும் கெட்டிக்காரனை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நினைத்துப் பார்த்து, அவனுக்காக ஒரு தொடரைக் கல்லில் வெட்டிய மனிதர் எவரோ, அவர் பெயர் நமக்குத் தெரியாது. ‘கையில் வாங்குக என்றால் புரியாதா?’ என்று அன்றைய சபையிலும் ஒருவர் சலித்திருப்பார். அவர் பெயரும் தெரியாது என்பதில் ஒரு நீதி இருக்கிறது.

பத்திரம் எழுதிய பழைய எழுத்தர்களும் இந்த மரபினரே. ‘1ந் தேதி முதல் 10ந் தேதி வரை’ என்று இன்று நாம் எழுதிவிட்டு, 10ஆம் நாள் சேருமா சேராதா என்று விடுப்பு விண்ணப்பத்தில் அல்லாடுகிறோம். அவர்கள் ‘10ந் தேதி முடிய’ என்றார்கள். வாதம் அங்கேயே முடிந்தது. தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதினார்கள். நிலத்துக்கு நான்கெல்லை சொல்லாமல் விடமாட்டார்கள். நன்னூலார் நூற்குற்றம் பத்து என்று வகுத்தபோது குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் ஆகியவற்றையும் அதில் வைத்தார். இலக்கணத் தேர்வுக்கு அவற்றை மனப்பாடம் செய்யும் நாம், மாத்திரைப் பெட்டியில் உள்ள தாளை அந்தக் கண்கொண்டு படிப்பதில்லை.

நம் தமிழன்பர்கள் சொல்லாராய்ச்சியே செய்வதில்லையா என்றால், செய்கிறார்கள், ஓயாமல் செய்கிறார்கள். ஒரு பொருளுக்குக் கலைச்சொல் இதுவா அதுவா என்று நண்பர்கள் முகம் திருப்பிக்கொள்ளும் அளவுக்குச் செய்கிறார்கள். நான் கலைச்சொல்லுக்குப் பகைவன் அல்லன். ‘பேருந்து’ம் ‘மென்பொரு’ளும் நாவில் ஏறியதில் எனக்கு மகிழ்ச்சியே. என் வழக்கு வேறு. பெயர்ச்சொல்லுக்காகப் போர் புரிந்து ஓய்ந்துபோய், அதை வைத்து எழுதும் வாக்கியத்தை அனாதையாக விட்டுவிடுகிறோம். கைப்பேசியில் பணம் அனுப்பும்போது, ‘பரிமாற்றத்தை ரத்துசெய்யவா?’ என்று கேட்டு, கீழே ‘சரி’ என்றும் ‘ரத்துசெய்’ என்றும் இரு பொத்தான்கள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ரத்துசெய்ய விரும்புபவர் எதைத் தொடுவார்? ‘நீக்கு’ என்று ஒரு பொத்தான்; பட்டியலிலிருந்து எடுப்பதா, அடியோடு அழிப்பதா? ஒவ்வொரு சொல்லும் நல்ல தமிழ். படிப்பவர்தான் நடுத்தெருவில் நிற்கிறார். ஓய்வூதியக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ள விரும்பும் நம் முதியவர்கள், தமிழில் வந்த திரையை விட்டுவிட்டு, “ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடப்பா” என்று பேரனிடம் நீட்டுகிறார்களே, அந்த நொடியில் தமிழுக்கு நேரும் இழப்பை எந்த மாநாட்டுத் தீர்மானமும் ஈடுசெய்யாது.

கம்பரைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை ஒன்று எல்லோரும் அறிந்தது. நீர்த்துளியைத் ‘துமி’ என்று அவர் பாடினாராம். அப்படி ஒரு சொல் வழக்கில் உண்டா என்று ஒட்டக்கூத்தர் தடுத்தாராம். ஓலைச்சுவடியைப் புரட்டாமல் தெருவுக்குப் போனார்களாம். அங்கே மோர் கடைந்த இடையர்குலப் பெண் ஒருத்தி, துமி தெறிக்கும், விலகுங்கள் என்று பிள்ளைகளை எச்சரித்ததைக் கேட்டு வழக்கு தீர்ந்ததாம். அவள் கலைமகளே என்பார்கள். வரலாறு அன்று, கதைதான். ஆனால் அக்கதையை மேடைதோறும் சொல்லி உருகும் நாம், ஒட்டக்கூத்தரின் தடையைப் பித்து என்று நகைப்பதில்லை. கம்பர் தெருவில் அலைந்ததை வீண்வேலை என்பதில்லை. கவிஞர் ஒரு சொல்லுக்காக ஓர் இரவு விழித்திருந்தால் தவம் என்கிறோம். மாத்திரைத் தாளுக்கு ஒரு சொல் தேடி ஒருவன் ஒரு பகல் செலவிட்டால் சம்பளம் வீண் என்கிறோம். கலைமகள் அந்தத் தெருவில் சொன்னது ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே, சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவில் கவிதைப் போட்டி நடக்கட்டும், பேச்சுப் போட்டி நடக்கட்டும். கூடவே இன்னொரு போட்டியும் வையுங்கள். தலைப்பு: ‘காலியான எரிவாயு உருளையை மாற்றுதல்’. அடுப்புக் குமிழ்களை மூடுவது, ரெகுலேட்டரைக் கழற்றுவது, புதிய உருளையின் பாதுகாப்பு மூடியை எடுப்பது, உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது, மீண்டும் பொருத்துவது, சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பது வரை எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. படம் போடலாம், அடைமொழி போடக் கூடாது. நடுவராகப் பேராசிரியர் எவரையும் அழைக்க வேண்டியதில்லை. நம் உறுப்பினர் வீடுகளில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூன்று பாட்டிமார் இருந்தால் போதும். அவர்கள் தாளை வாங்கிப் படித்து, ஒருவரையும் ஒன்றும் கேட்காமல், உருளையை மாற்ற வேண்டும். பக்கத்தில் நிற்கும் மருமகள் வாய் திறக்கக் கூடாது. பாட்டி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்டால் 5 மதிப்பெண் குறையும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பதைப் பற்றி எழுதும் இடத்தில் ‘கொளுத்த வேண்டாம்’ என்று எழுதியவரின் தாளை அத்தோடு திருத்தாமல் வைத்துவிடலாம்.